கந்தோர்க் கூரையைப் பிரித்த ராத்தா

அந்த வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் பள்ளிவாசல் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்தேன். பாலாவிப் பக்கமிருந்து தார் பூசியதுபோல் கறுத்து வந்துகொண்டிருந்தது. ஹாஜியாரின் உப்பளத்தில் நான் அப்போது புது மனேஜர். ஐந்தாம் வகுப்போடு நின்றவனை, கூடை சுமந்தவனை, மனேஜர் கதிரையில் இருத்தினால் ஊர் சும்மா இருக்குமா? “இந்தப் பருவம் முடியட்டும், பொறகு பாப்பம்” என்று ஹாஜியாரே ஒரு பிடி வைத்துத்தான் கதிரையைத் தந்திருந்தார். அந்தப் பருவத்து உப்பு முழுவதும் வெட்டவெளியில் குவிந்து கிடந்தது. மூடுவதற்குத் தென்னோலைக் கிடுகு ஏற்றிய லொறி மறுநாள்தான் வரும். உப்புக் குவியலை மூடுவது எங்கள் பக்கம் ஆண்களின் வேலை. ஆண்கள் எல்லோரும் என்னோடு பள்ளியில். முன்வரிசையில் ஹாஜியார் இருந்தார். அவர் திரும்பவில்லை, ஆனால் அவருடைய பிடரியே என்னை முறைப்பதுபோல் இருந்தது.

உப்பளத்தில் அந்நேரம் இருந்தவர்கள் கூடை சுமக்கும் பெண்கள் மட்டும். பதவி இல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தலைமை ராத்தா. ராத்தா என்றால் அக்கா; வயதில் மூத்தவர்கள்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு முன்பிருந்த மனேஜர்மார் வரம்பில் குடை பிடித்து நின்று ஏசுவார்கள். வேலை அரைவாசிதான் நடக்கும். ராத்தா ஏசினால் ஏச்சு வாங்கியவளே சிரிப்பாள். “உப்பு அள்ள வந்தியா, மாப்பிள பாக்க வந்தியா?” என்பார். சண்டை பிடித்துக்கொண்ட இருவரை ஒரே சோடியாகப் போட்டுவிடுவார். ஏன் என்று கேட்டேன். “ஒருத்திட தலையில மத்தவள்தானே கூடையத் தூக்கி வெக்கோணும். எவ்வளவு நேரம் கதைக்காம இருப்பாளுகள்?” என்றார். இதைக் கண்டுகொள்ள எனக்குக் கண் இருந்தது. முன்பிருந்த எவருக்கும் இருக்கவில்லை.

தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் சைக்கிளை மிதித்தேன். பாதி வழியில் மழை முகத்தில் அறைந்தது. ஹாஜியாரின் வாகனம் என்னை முந்திப் போனது. போய்ச் சேர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது நான் உட்கார்ந்து கணக்கு எழுதும் கிடுகுக் கொட்டில், என் கந்தோர். கூரை இல்லை, வெறும் மரச்சட்டங்கள்தான். மேசையும் கதிரையும் நனைந்துகொண்டிருந்தன. பெண்கள் ஒதுங்கும் வாடிக்கும் கூரை இல்லை. அந்தக் கிடுகெல்லாம் உப்புக் குவியல்களின் மேல் இருந்தது. காற்று பிய்த்துவிடாமல் பெண்கள் அதன் விளிம்புகளில் ஏறிக் குந்தியிருந்தார்கள். உயரமான குவியலின் உச்சியில் ராத்தா.

அந்தக் கந்தோர் ஹாஜியாரின் வாப்பா தன் கையால் கட்டியது. “ஆரு இதப் பிரிக்கச் சொன்ன?” என்றார் ஹாஜியார். கோபமா இல்லையா என்று குரலில் பிடிபடவில்லை. என் கதிரை அந்த ஒரு கேள்வியில் தொங்கியது.

“நான்தான் ஹாஜியார். பிழையெண்டா என்ட பிழை” என்றேன். பெரிய படிப்புப் படித்த மனேஜர்மார் பலரைப் பின்னாளில் பார்த்திருக்கிறேன். இந்த வார்த்தை அவ்வளவு சுளுவில் அவர்கள் வாயில் வராது.

மேலிருந்து ராத்தா சத்தம் போட்டார்: “ஜும்ஆ முடிஞ்சு வந்த வாயால பொய் சொல்லாதீங்க தம்பி! நான்தான் சொன்ன. முதல்ல எங்கட வாடியப் பிரிச்சம், அது போதல்ல. பொறகுதான் ஒங்கட கந்தோர்.”

ஹாஜியார் கிடுகுக்குள் கையை விட்டு ஒரு பிடி உப்பை அள்ளிப் பார்த்தார். காய்ந்த உப்பு. வாய்விட்டுச் சிரித்தார். “குத்தம் என்ட, குத்தம் என்டயெண்டு அடிபடுற ரெண்டு பேர இண்டைக்குத்தான் காணுறன். கதிர ஒனக்குத்தான்டா. ராத்தா, இனி நீதான் இங்க கங்காணி.”

“கங்காணி சொல்லுறன் கேளுங்க” என்றார் ராத்தா உடனே. “நாளைக்குக் கிடுகு வந்தா முதல்ல எங்கட வாடிக்கு. தம்பி ஒரு கிழம வெயில்ல இருந்து பாக்கட்டும்.”

ஏழு நாளும் இருந்தேன். மண்டை வெடித்தது. அந்தக் கிழமைதான் உச்சி வெயிலில் கூடை தூக்குவதை நிறுத்தி, விடியலிலேயே வேலை தொடங்க வைத்தேன். மற்ற உப்பளக்காரர்கள் சிரித்தார்கள். அடுத்த பருவம் என் குவியலைப் பார்த்து வாயை மூடினார்கள்.

இன்று அந்த உப்பளமே என்னுடையது. வேலை கேட்டு வருகிறவர்களின் சேர்ட்டிபிக்கட்டை நான் வாசிப்பதில்லை. கூரையில்லாத வரம்பில் கொண்டுபோய் விடுவேன். சிலர் மத்தியானமே பாலாவிச் சந்தியில் பஸ் ஏறிவிடுவார்கள். ஓடாமல் நிற்கிறவனுக்கு, பெண்களில் யாராவது ஒருத்தி தன் தேத்தண்ணியில் பாதியை ஊற்றிக் கொடுக்கும் நாள் வரும். அன்றைக்குத்தான் அவனுக்குக் கதிரை கொடுப்பேன்.