பத்மாவதி நிறுத்திய மாத்திரை

புதிய மாத்திரை அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முத்திரைகளைச் சோதிக்கும் பூதக்கண்ணாடியால் பத்மாவதி எழுத்தெழுத்தாக ஆராய்ந்துகொண்டிருந்தார். வெள்ளவத்தையில் பிறப்பு, விவாகப் பத்திரங்களை ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் அவர். இருபத்தாறு வருடத்தில் எவரையும் நம்பிக் கையொப்பம் வைத்ததில்லை. மூலப்பத்திரத்தைக் காட்டாவிட்டால் சொந்தத் தங்கைக்கும் வேலை நடக்காது.

குனிந்தே தட்டச்சு செய்த கழுத்துக்கு, ஆறு வருடமாகக் காலைத் தேநீரோடு ஒரு வலிமாத்திரை. தானே தொடங்கிய வைத்தியம். போன கிழமை இரத்தப் பரிசோதனையைப் பார்த்த டொக்டர், "இண்டையோட நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி கிட்னி போயிடும்" என்று கண்டித்து, வேறொரு மாத்திரை எழுதினார். அன்று பிடித்தது சனி. தலையிடி, வியர்வை, கழுத்தில் முன்னையைவிட இரட்டிப்பு வலி. தேநீர் கொண்டுவந்த மகள் சாம்பவிமீதும் எரிந்து விழுந்தார்.

"உது கள்ள மருந்து. அச்சு மங்கிக் கிடக்கிறதைப் பார். ஆர் கண்டது, ரத்தத்தையும் மாத்தித்தான் சோதிச்சாங்களோ!"

ஆறாம் நாள் அட்டையோடு பார்மசிக்கே போய்விட்டார். அங்கே மருந்து கொடுக்கும் ஷிஹான் அதைத் திருப்பிப் பார்த்தான்.

"மருந்து சரிதான் அன்டி. கன நாள் குடிச்சதை நிப்பாட்டினா, கொஞ்சப் பேருக்கு வலி கூடி, தலையும் இடிக்கும். கொறையாட்டி டொக்டருக்குக் காட்டுங்க."

"அதை ஏன் என்ர முகத்தைப் பாக்காமல் சொல்லுறாய்?"

ஷிஹான் நிமிர்ந்து நேராகவே பார்த்தான். "பழைய மாத்திரை மிச்சம் இருக்கா?"

பத்மாவதி கைப்பையை மார்போடு சேர்த்துக்கொண்டார். காலையில் வலி பொறுக்காமல் பழைய அட்டையைக் கையில் எடுத்ததும், சாம்பவியின் காலடி கேட்டு ஒளித்ததும் இவனுக்கு எப்படித் தெரியும்? மகள்தான் போன் போட்டிருப்பாள்.

கைப்பைக்குள்ளிருந்து நான்கு அட்டைகளை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். "வீட்டில கிடந்தால் போட்டிடுவன். நீயே வைச்சிரு. ஆனால் வாங்கினதெண்டு எழுதித் தா."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'நான்கு அட்டைகள் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு துண்டில் எழுதி ஒப்பமிட்டான் ஷிஹான்.

பத்மாவதி அதை இரண்டு தரம் வாசித்தார். கழுத்து விண்விண்ணென்று தெறித்தது. கிட்னியை நினைக்கவும் பயமாக இருந்தது. மெல்ல மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, ஐந்தாவது அட்டையையும் எடுத்து வைத்தார். பிறகு அவனுடைய பேனையை வாங்கி, 'நான்கு' என்பதை வெட்டி 'ஐந்து' என்று எழுதி, வெட்டிய இடத்தில் தன் சுருக்கொப்பத்தை இட்டார்.