212ஆம் பக்கத்தில் இல்லாத பெண்

டச்சு நகரமான குரோனிங்கனில் நான் பிழைதிருத்துபவனாக இருந்த பதிப்பகத்தில், புத்தகங்களின் கடைசியில் வரும் பெயர் அடைவைத் தயாரித்தவர் ஃபென்னா வீர்ஸெமா. யார் பெயர் எந்தப் பக்கத்தில் என்று அட்டைகளில் எழுதிப் பழைய பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கி வைத்திருப்பார். காப்பிக்குப் போனால் ஒரே ஒரு பிஸ்கட் தந்து மூடியை அழுத்திவிடுவார். இன்னொன்று கேட்டால், அட்டைகள் இருக்கும் டப்பாவைத் திறந்து நீட்டுவார்.

1957இல் பேராசிரியர் ரூல்ஃப்ஸெமாவின் கணித வரலாறு அச்சுக்கு வந்தது. பழைய மடக்கை அட்டவணை ஒன்றில் இருந்த பிழையை 'ரூல்ஃப்ஸெமா கண்டறிந்தார்' என்று 212ஆம் பக்கத்தில் அவரே எழுதியிருந்தார். கண்டறிந்தவர் க்ரீட்யே மல்டர். பல்கலைக்கழகத்தின் கணக்கு அறையில் பன்னிரண்டு வருடம் கணக்கு இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றியவர். பக்கத்து மேசையில் சுற்றியவர் ஃபென்னா.

அவர் பேராசிரியரிடம் நேரில் போய், க்ரீட்யேயின் பெயரைச் சேர்க்கச் சொன்னார்.

"கணித வரலாறுன்னா சிந்தனையோட வரலாறு, மிஸ் வீர்ஸெமா. கூட்டிப் பாத்தவங்களையெல்லாம் போட்டா, காப்பி போட்டவங்களையும் போடணும்."

"போட்டுடலாமே, புரொபசர்."

வேடிக்கை என்று நினைத்து அவர் சிரித்தாராம்.

கேட்ட எனக்குத்தான் கொதித்தது. எண்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ மணிக்கட்டு வீங்க உழைத்திருக்கிறார். அதை மறைத்து ஒருவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வரைந்தால் அது சாமி கதை, வரலாறு அல்ல.

அடைவின் அச்சுப்படி வந்தால் எங்கள் பேராசிரியர்கள் முதலில் தங்கள் பெயரைத் தேடுவார்கள். ரூல்ஃப்ஸெமா தன் பெயருக்கு நேரே நாற்பத்தேழு பக்கங்களை எண்ணிப் பார்த்தார், மகிழ்ந்து கையெழுத்திட்டார். வேறு எதையும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை என்று நானும் கையெழுத்திட்டேன். உண்மையிலேயே இல்லை.

புத்தகம் வெளிவந்தது. அடைவில் இப்படி இருந்தது: 'மல்டர், க்ரீட்யே: அட்டவணைப் பிழையைக் கண்டவர், 212.' வேறொரு வரியில்: 'காப்பி, கணக்கு அறையில் போட்டவர்: காண்க மல்டர்.'

எடின்பரோவிலிருந்தும் உப்சாலாவிலிருந்தும் கணித அறிஞர்களின் கடிதங்கள் வந்தன. 212ஆம் பக்கத்தில் அந்த அம்மையாரைக் காணோமே, அச்சில் வரி விட்டுப்போயிற்றா என்று கேட்டிருந்தார்கள். பேராசிரியர் நனைந்த குடையோடு ஃபென்னாவின் மேசைக்கே வந்து, அடைவு பொய் சொல்கிறது என்று கத்தினார்.

"க்ரீட்யே உயிரோடதான் இருக்காங்க. கூப்பிட்டுக் கேட்டுப் பாக்கலாமா?" என்றார் ஃபென்னா.

பேராசிரியர் குடையை மறு கைக்கு மாற்றினார்.

"இல்ல, படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னு எடின்பரோவுக்கு எழுதிடட்டுமா?"

குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மறுபதிப்புல பாத்துக்கலாம்," என்றார் பேராசிரியர்.

மறுபதிப்பில் 212ஆம் பக்கம் க்ரீட்யேயுடையது. அடைவில் ரூல்ஃப்ஸெமாவுக்கு நாற்பத்தாறு பக்கங்கள். அன்று ஃபென்னா எனக்கு இரண்டாவது பிஸ்கட் தந்தார்.