சத்தம் அளந்த கொப்பி

விமான ஓடுபாதைக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே ஒரு முட்கம்பி வேலியும் கொஞ்சம் பற்றைக்காடும்தான். யாழ்ப்பாணத்தில், வலிகாமத்தின் வடக்கு ஓரத்து ஊர். இராணுவத்திடமிருந்து காணிகள் விடுபட்டுத் திரும்பி வந்து, கிணறு இறைத்து, கூரை போட்டு, வாழை வைத்து நிமிர்ந்தபோது சென்னையிலிருந்து விமானம் வரத் தொடங்கியது. முதல் கிழமை ஊரே வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தது. இரண்டாம் கிழமை முறைப்பாடு தொடங்கிவிட்டது.

நான் ஊர் முன்பள்ளியின் ஆசிரியை. பதினெட்டுப் பிள்ளைகள், தகரக் கூரை போட்ட ஒரு கூடம். பதினொரு மணிக்குக் கிட்ட, நான் கதை சொல்லும் நேரம் பார்த்து, விமானம் தாழப் பறந்து கூரைக்கு மேலால் போகும். தகரம் நடுங்கும். சிங்கம் வாயைத் திறந்தபடி நிற்க, முயல் என்ன சொன்னது என்பது ஒருவருக்கும் கேட்காமல் போய்விடும்.

கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் முதலில் எழுந்தவர் கோழி வளர்க்கும் அக்கா. என் பக்கத்து வளவுக்காரி.

"என்ரை கோழியள் முட்டை இடுறதை விட்டிட்டுதுகள். பிளேன் வந்த நாளிலை இருந்துதான். உதுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற தபாலதிபர். எந்த விஷயமும் பதிவுத் தபாலில் போனால்தான் அது நடந்ததாக ஒப்புக்கொள்ளுகிறவர்.

"வாயாலை சொன்னால் ஒருத்தரும் காதிலை விழுத்தமாட்டினம், தங்கச்சி. அளந்து எழுதிக் குடுக்கவேணும்."

ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய மகள் சத்தம் அளக்கும் கருவி ஒன்றை அனுப்பினாள். கைத்தொலைபேசி அளவில் ஒரு பெட்டி, தலையில் கறுப்புப் பஞ்சு உருண்டை. சத்தம் கூடினால் இலக்கம் ஏறும். ஏறிய உச்ச இலக்கம் திரையில் அப்படியே நிற்கும். செயலாளர் ஒரு கொப்பியில் கோடு கீறி, திகதி, நேரம், இடம், இலக்கம் என்று எழுதினார். கடைசி நிரலுக்குச் 'சத்தத்தின் காரணம்' என்று தலைப்பு.

முதல் கிழமை பெட்டி அக்கா வீட்டில் இருந்தது. அவர் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் எழுதினார்: விமானம்.

செயலாளர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். "விடியப்புறம் அஞ்சு மணிக்கு என்ன பிளேன், தங்கச்சி?"

"அது சேவல் கூவினது, அண்ணை. ஆனால் அந்தச் சேவலுக்கு உந்த வெருட்சி ஆராலை வந்தது?"

செயலாளர் சிவப்புப் பேனையால் அந்த வரியில் 'விமானம்' என்பதை வெட்டி, 'சேவல்' என்று எழுதினார். முட்டைகளைப் பற்றியும் ஓர் உண்மை உண்டு. அக்காவின் கோழிகள் வேலிக்கு அடியால் நுழைந்து என் விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒழுங்காக இட்டுக்கொண்டிருந்தன. ஊருடைய முறைப்பாடு பலவீனப்பட்டுவிடும் என்று நான் இரண்டு நாட்கள் வாய் திறக்கவில்லை. பொரியல் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து உள்ளதைச் சொன்னேன். "உன்ரை வீட்டுப் பக்கம் பொரியல் மணம் வரேக்கையே நினைச்சனான்" என்றார் அவர்.

அடுத்த கிழமை பெட்டி முன்பள்ளிக்கு வந்தது. முதல் நாள் இலக்கத்தைச் செயலாளரிடம் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது.

"இவ்வளவுதானோ? என்ரை மோட்டார்சைக்கிளே இதுக்குக் கிட்ட வரும்."

மறுநாள் விமானம் வந்தபோது நான் கிணற்றடியில் நின்றேன். பிள்ளைகள் முழுப்பேரும் வெளியே ஓடி, பெட்டி இருந்த முற்றத்து மர வாங்கைச் சுற்றி நின்று, "பிளேன் மாமா, டாட்டா!" என்று கத்தினார்கள். நான் ஓடி வந்து பார்த்தால், பெட்டியில் இலக்கம் எங்கேயோ ஏறி நின்றது. விமானம் அல்ல, பிள்ளைகள். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதை அழித்திருக்க வேண்டும். எழுதினேன். காரணம்: விமானம்.

"இதுதான் ரீச்சர் வேணும்!" என்று செயலாளர் கொப்பியைத் தட்டினார்.

எனக்குக் கொஞ்சமும் வெட்கம் வரவில்லை. கடதாசி விளையாட்டில் அடுத்தவர் கைச் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வெல்லுகிற சுகம்தான் வந்தது. அடுத்த நாள் வாங்கைப் பிள்ளைகளுக்கு இன்னும் கிட்டத் தள்ளி வைத்தேன். அதற்கடுத்த நாள், "மாமாவுக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லுவம், என்ன?" என்று நானே தொடக்கி வைத்தேன். இப்படியே எட்டு நாள். செயலாளர் கொப்பியைப் பிரதி எடுத்து விமான நிலையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்து, நேரில் அளக்க ஓர் அதிகாரி வருகிறார் என்று பதில் வந்தது. எந்த இடத்தில்? முன்பள்ளியில்.

பிள்ளைகளைக் கத்தவிட்டால் அவர் கண்ணுக்கு முன்னாலேயே அகப்படுவேன். கத்தவிடாவிட்டால் இலக்கம் இறங்கும். இறங்கினால் காற்றின் மீது பழி போடலாம் என்று முடிவு செய்தேன். அன்று காலை பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, "இண்டைக்கு ஒருத்தரும் சத்தம் போடக்கூடாது. வாயிலை விரல்" என்றேன்.

அதிகாரி மெலிந்த மனிதர். தன்னுடைய பெரிய கருவியை முக்காலியில் ஏற்றி, எங்கள் பெட்டியையும் அதற்குப் பக்கத்தில் வைத்தார். செயலாளர் சலவைச் சட்டையுடன் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். விமானம் வந்தது. தகரம் நடுங்கியது. பதினெட்டுப் பிள்ளைகளும் வாயில் விரலோடு அசையாமல் இருந்தார்கள். விமானம் போனது.

அதிகாரி குனிந்து இரண்டு கருவிகளையும் பார்த்தார். பிறகு கொப்பியைப் பார்த்தார். "கொஞ்சம் வித்தியாசப்படுதே" என்றார்.

"காத்து அங்காலை அடிக்குது" என்று நான் தொடங்கினேன்.

முன்வரிசையில் இருந்த சிறுமி வாயிலிருந்து விரலை எடுத்தாள்.

"ரீச்சர், இண்டைக்கு ஏன் மாமாவுக்குக் கத்தேல்லை? கத்தாட்டில் பெட்டியிலை நம்பர் வராதெல்லோ!"

அதிகாரி என்னைப் பார்த்தார். செயலாளர் முகம், விலாசம் பிழைத்துத் திரும்பி வந்த கடிதம்போல ஆகிவிட்டது.

"எத்தினை நாள், ரீச்சர்?" அதிகாரியின் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"எட்டு நாள்."

பேனையை வாங்கி எட்டு வரிகளையும் நானே வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். அதிகாரி கொப்பியை வாங்கி முன்பக்கங்களைப் புரட்டினார். சேவல் வரிக்கு வந்ததும் தோள் குலுங்கச் சிரித்துவிட்டார்.

"ரீச்சர், உங்கடை உண்மையான இலக்கமும் ஒண்டும் சின்ன இலக்கம் இல்லை. படிப்பிக்கிற இடத்துக்கு இது கூடின சத்தம்தான். நீங்கள் கத்த வைச்சதாலை அது கெட்டுப்போச்சு. ஒரு மாதம் உள்ளதை எழுதுங்கோ. நான் வாறன்."

நான்காம் நாள் செயலாளர் வந்து, கொப்பியில் சாட்சிக் கையெழுத்துக்கென்று புதிதாக ஒரு நிரல் கீறினார். சாட்சியாகக் கோழி அக்காவை நியமித்தார். அக்கா தினமும் பத்தே முக்காலுக்கு வந்து கதிரை போட்டு இருந்து, "பொய் ஒண்டும் எழுதாதை, பிள்ளை" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தார். அந்த ஒரு மாதமும் அவருடைய முகத்தில் இருந்த திருப்தியை அளக்க எந்தப் பெட்டியும் கிடையாது.

அதிகாரி சொன்னபடி வந்தார். வெட்டில்லாத பக்கங்களை ஆறுதலாக வாசித்து, கொப்பியையும் எடுத்துக்கொண்டு போனார். விமானத்தின் பாதை மாறவில்லை. மாறும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சில மாதங்களில் தகரத்துக்குக் கீழே தடித்த பலகைச் சீலிங் அடித்துத் தந்தார்கள். விமான நேர அட்டவணையும் மாதா மாதம் வருகிறது. அதைப் பார்த்து விளையாட்டு நேரத்தைப் பதினொரு மணிக்கு மாற்றிவிட்டேன். பிள்ளைகள் முற்றத்தில் நின்று ஆசைதீரக் கத்துகிறார்கள்.

சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து ஏதாவது சொன்னால் செயலாளர் இப்போதும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்கிறார்:

"ரீச்சர், இது அளந்ததோ, கத்தினதோ?"

ஊர் சிரிக்கிறது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் சொல்ல வந்ததைச் சொல்லுகிறேன்.