தாமியாக் கடைக்குப் போன நோட்டு

எகிப்தில் தாந்தா நகர மருத்துவமனையில் நானும் சஃபினாஸும் ஒரே வார்டில் செவிலியர்கள். அவள் வேலையில் சூரப்புலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது வயதில் ஆங்கிலம் படிக்க உட்கார்ந்தாள். அயர்லாந்தில் வேலைக்குப் போக ஒரு மொழித் தேர்வு எழுத வேண்டும். விசா வரும்வரை அண்ணன் ஷெஹாத்தாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துவிடுவான் என்று பயந்தாள்.

'லுக்' என்ற ஒரே சொல் அவளைப் பாடாய்ப் படுத்தியது. கூட ஒரு சின்னச் சொல் சேர்ந்தால் பொருளே மாறிவிடும். லுக் ஆஃப்டர் என்றால் பராமரிப்பது, லுக் ஃபார்வர்டு டு என்றால் ஆவலோடு எதிர்பார்ப்பது, லுக் டவுன் ஆன் என்றால் இளக்காரமாக நினைப்பது. ஒவ்வொன்றுக்கும் சொந்த வாழ்க்கையிலிருந்து ஓர் உண்மை வாக்கியம் எழுதச் சொன்னார்கள் வகுப்பில். வீட்டில் வேறு யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. ஆகவே எதையும் ஒளிக்காமல் நோட்டில் எழுதினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஷெஹாத்தா சுடச்சுடத் தாமியா வடை வாங்கி வந்தான். பொட்டலத்தைப் பிரித்த கை நின்றது.

"இது உன் எழுத்தாச்சே."

சஃபினாஸுக்குப் புரிந்துபோயிற்று. அலமாரி மேலிருந்த காகிதங்களையெல்லாம் அவள் நோட்டோடு சேர்த்து அண்ணி நகஃபா இரண்டு நாள் முன்பு பழைய சாமான்காரனுக்குப் போட்டிருந்தாள். எங்கள் ஊரில் எழுதிய தாள் கடைசியில் பொட்டலம் கட்டத் தாமியாக் கடைக்குத்தான் போகும். யாரோ ஒரு பிள்ளையின் கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்துச் சிரித்தபடியே எத்தனையோ காலை சாப்பிட்டிருக்கிறோம். தன் தாளுக்கும் அதுதான் வழி என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"என்ன எழுதியிருக்க? படி, கேப்போம்."

மருந்துப் பெயர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மற்ற தாள்கள்? இந்நேரம் எத்தனை வீட்டில் விரிந்து கிடக்கின்றனவோ. ஆங்கிலம் தெரிந்தவன் ஒருவன் போதும். ஊர் வாயிலிருந்து அண்ணன் கேட்பதைவிடத் தானே சொல்வது மேல் என்று அரபியில் படித்தாள். நான் நோயாளிகளைப் பராமரிக்கிறேன். அண்ணி என்னை இளக்காரமாக நினைக்கிறாள். இந்த வீட்டை விட்டு அயர்லாந்து போகும் நாளை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

நகஃபா பிய்த்த ரொட்டி வாய்க்குப் போகவில்லை. "நானா?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

ஷெஹாத்தா எழுந்து வெளியே போனான். சஃபினாஸ் ஓடிப்போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்து உடைக்குள் செருகிக்கொண்டாள்.

அவன் திரும்பி வந்தபோது கக்கத்தில் ஒரு கட்டு. கடையில் மிச்சமிருந்த அவளுடைய தாள்கள் அத்தனையும். அவள் முன்னால் போட்டான்.

"ஊர் படிக்கறதுக்கு முன்னாடி நீ படிச்சு முடி."

இதை அன்பு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அதன்பின் ஒரு மாதம் அவன் அவளோடு பேசவில்லை. பாஸ்போர்ட்டையும் கேட்கவில்லை.