நாற்பதுக்கு நான் கூட்டிப்போகும் விருந்தாளி

மருதமுனையில் எங்கள் அடுத்த வீட்டு சபியா தறி நெய்பவள். கைக்குழந்தை இன்னும் தவழத் தொடங்கவில்லை. அதற்குள் வயிற்றில் தங்கிவிட்ட கருவைக் கலைக்க எதையோ குடித்து, இரத்தப்போக்கு நிற்காமல் மயங்கிக் கிடந்தாள். காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அல்லாஹ் காப்பாற்றினான்.

மருந்து கொடுத்தது யார் என்று தெருவே துருவியது. எனக்கோ, அவள் ஏன் குடித்தாள் என்று அறிய ஆவல். கட்டிலருகே இருந்து கேட்டேன்.

"வயிறு பெருத்தா தறிக்குழிக்குள்ள இரிக்க ஏலா ராத்தா. நெய்யாட்டி உலை வைக்க ஏலா. பால் குடுக்கிற வரைக்கும் தங்காதெண்டுதானே எல்லாரும் சொன்னீங்க?"

ஓம், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

"அத நம்பி இரிக்க ஏலா. கிளினிக்குக்கு வந்திருந்தா தடுக்க வழி சொல்லியிருப்பமே" என்றார் பக்கத்தில் நின்ற வார்டுத் தாதி மிஸ்ஸி.

"பிள்ளை பெத்து நாப்பது நாள் வரைக்கும் வெளிய உடமாட்டாங்க. பிறகு தறி" என்றாள் சபியா.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றினால், தொதல் இனிப்போடு கிளினிக் மருத்துவிச்சியையும் கூட்டிப்போகிறேன். கணவரையும் இருத்தித்தான் அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடும் வழிகளைக் கதைக்கச் சொல்கிறேன்.

"நல்ல நாளில இதென்ன கதை?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. கூட வரும் சபியா சொல்லிவிடுவாள்.