விரலிடுக்கு ஈரம்

பளீலுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்பது கல்முனை பஸாரில் எல்லோருக்கும் தெரியும். தன் துணிக்கடைக்கு வருகிறவர்களிடம் அவரே சொல்லிவிடுவார். அவருடைய கூடப்பிறந்த மூத்த காக்கா இதே வருத்தத்தில் மௌத்தாகி அடக்கம் செய்த கிழமை சோற்றை விட்டார், இனிப்பை விட்டார், அதிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கடற்கரை மணலில் மருதமுனை வரை நடந்தார். பாகற்காய்ச் சாறு குடித்து முகம் சுளித்தார். ஆரம்ப சூரத்தனத்தில் அவரை யாரும் வெல்ல முடியாது. அடுத்த கலியாண வீட்டுச் சஹன் தட்டில் இனிப்பு வட்டிலப்பத்தை வழித்துத் தின்றதும் அவர்தான்.

கிளினிக் தாதி மிஸ்ஸி கேட்டதோ மிகச் சின்னக் காரியம். “கால் நனைஞ்சா விரலிடுக்கத் துடைங்க ஐயா. ஒவ்வொரு நாளும் உள்ளங்காலப் பாருங்க.”

பளீலுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய வருத்தத்துக்குத் துணித்துண்டா மருந்து? போதாததற்கு, தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்த தண்ணீரைத் துடைத்தால் நன்மை போய்விடும் என்று சின்ன வயதிலிருந்தே நம்பியிருந்தார். யார் சொன்னது என்றால் தெரியாது. ஐந்து வேளையும் ஈரக் காலோடு தொழுதார், அதே ஈரத்தோடு சப்பாத்தை மாட்டிக்கொண்டு கடையில் நின்றார்.

இடது கால் சின்னவிரல் இடுக்கு வெளுத்தது.

“மணக்குது, டொக்டரிட்டக் காட்டுங்க” என்றாள் மனைவி ஸுல்பிகா.

“ஈரம் புள்ள. காஞ்சாச் சரியாப் போகும்.”

காயவில்லை. வலிக்கவும் இல்லை, கால் மரத்துப் போயிருந்தது. நோகாத காயத்தை யார் மதிப்பார்கள்? பெருநாள் வியாபாரம் முடியட்டும் என்றார். அது முடிந்தபோது இடது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

கதிரையில் உட்கார்ந்து தொழத் தொடங்கிய பிறகுதான், பள்ளியில் ஷரிபுதீன் மௌலவியிடம் கேட்டார்.

“ஒளுத் தண்ணியத் துடைச்சாக் குத்தமா மௌலவி?”

“இல்லையே பளீல் காக்கா. நானும் துடைக்கிறதானே. ஹவுள் தொட்டியடியில என்ட துவாய் தொங்கிறத நீங்க காணல்லயா?”

கண்டிருக்கிறார். வருடக் கணக்காக, அந்தத் துவாய்க்குப் பக்கத்தில் நின்றுதான் ஒளுச் செய்திருக்கிறார். கால் இருக்கும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பெரிய மனிதர் பள்ளிக்குள்ளேயே தேம்பித் தேம்பி அழுதார்.

இனி மிச்சம் வலது கால். அதுவும் மரத்துத்தான் இருந்தது, கண்ணும் மங்கிவிட்டது. இந்த முறை சபதம் எதுவும் இல்லை. பழைய சாரனைக் கிழித்துப் பைப்படியில் தொங்கவிட்டார்கள். ஒளுவை விடாத மனிதர் துணியையும் விடவில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் ஸுல்பிகா அவர் காலை மடியில் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பாள். சண்டை பிடித்த நாளிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டே காலை இழுத்து வைப்பாள். எரிச்சலாக இருந்தாலும் காலைக் கொடுத்துவிடுவார்.

போன மாதம் ஒருநாள் அவள் கை நின்றது.

“என்ன புள்ள?”

“பெருவிரலுக்குக் கீழ சின்னக் கொப்புளம். நீர் கட்டிக் கறுத்துக் கிடக்கு.”

“நோகல்லயே...” என்றவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். “ஓட்டோவக் கூப்பிடு. இப்பவே போவம்.”

ஆஸ்பத்திரியில் இளவயது டொக்டர் பிள்ளை கீறிப் பார்த்தாள். உள்ளே எலும்பு வரை பழுதாகியிருந்தது. “விரல எடுக்கத்தான் வேணும். இன்னும் ரெண்டு நாள் பிந்தியிருந்தா காலே போயிருக்கும்.”

எடுத்தார்கள். கட்டுப் போட்ட காலைத் தடவியபடி ஸுல்பிகா, “அல்ஹம்துலில்லாஹ், ஒரு விரலோட போச்சு” என்றாள்.

பளீல் அந்தக் காலையும், பக்கத்தில் இடது கால் இல்லாமல் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்டைக்கும் ஒரு விரல்தானே புள்ள இரிந்திச்சு.”