தானாக நின்ற மெஷின்

தொண்ணூறுகளின் கடைசியில் கோயம்புத்தூரில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்த்தேன். ஒருநாள் டாக்டர் ஏதோ வெளிநாட்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்தார். நோயாளியின் ரத்தத்தையே மெஷினில் சுழற்றி, காயத்தை ஆற்றும் தட்டணுக்கள் நிறைந்த மஞ்சள் நீரைப் பிரித்து, அடிபட்ட இடத்தில் ஊசியாகப் போடலாமாம். "செஞ்சு பாக்கலாமுங்களா?" என்றார். எனக்குக் கை பரபரத்தது.

முதல் ஆள், சோமனூரில் சொந்த விசைத்தறி ஓட்டும் ஓர் அக்கா. வலது முழங்கைத் தசைநார் கெட்டு, தண்ணீர்க் குடம்கூடத் தூக்க முடியவில்லை. மாத்திரைக்குக் கேட்கவில்லை. தறியை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு. ஆனால் ஊசி என்றாலே அவருக்கு உயிர் போய்விடும்.

முதல் குழாய் வீணாயிற்று. மெஷின் நின்றதும் பார்த்தால் மஞ்சள் நீர் சிவந்து கலங்கியிருந்தது. ஏனென்று புரியாமல் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி ரத்தம் கேட்டேன்.

"இதோட சரிங்க அம்மணி. இனி ஒரு சொட்டு தரமாட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார்.

சுழற்றினேன். முடியப்போகிற நேரத்தில் கரண்ட் போனது. ஜன்னலில்லாத அறை; ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும். வாய்க்கு வந்தபடி திட்டினேன். வழக்கமாக சுவிட்சை அணைத்ததும் மூடியைத் திறந்து, சுற்றுகிற தட்டை விரலால் அழுத்திச் சட்டென்று நிறுத்துவோம். இருட்டில் கையை விட பயம். அதுவாக ஓய்ந்து நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். டார்ச் அடித்தால் கீழே சிவப்பு, நடுவே மெல்லிய வெள்ளைப் படலம், மேலே சுத்தமான மஞ்சள்! கலக்கியது எங்கள் விரல்தான் என்று அப்போதுதான் புரிந்தது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

வெள்ளையை ஒட்டிய மஞ்சளை உறிஞ்சி டாக்டரிடம் கொடுத்தேன். அக்கா அதை உற்றுப் பார்த்தார்.

"என்ர ஒடம்புலயே இருக்கற மருந்து, தானா முழங்கைக்குப் போகாதுங்களா?"

"அங்க ரத்த ஓட்டம் கம்மிங்க. நாமதான் கொண்டுபோய் உடோணும்" என்றார் டாக்டர்.

சில மாதம் கழித்து அக்கா வந்தார், வலது கையில் கனத்த பையோடு. தறி விற்கவில்லை. ஊசியா, ஓய்வா, எதில் குணமானது என்று டாக்டருக்கே உறுதியில்லை. இப்போது இடது முழங்கையில் வலி. இத்தனை நாள் வேலையெல்லாம் அதன் தலையில் விழுந்திருந்தது. நான் கேட்கும் முன்பே கையை நீட்டினார்.

மெஷின் சுற்றி முடியப்போகும்போது சுவிட்சை அணைக்கப் போனேன்.

"இருங்க அம்மணி. கரண்ட் போவட்டும். போன தடவ அதுக்கப்பறந்தான தெளிஞ்சுது?"

கரண்ட் போனால் சாபம் விடுகிற தறிக்காரர். சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவிட்சை அணைத்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மெஷினுக்குக் கரண்ட் போயிருச்சுங்க அக்கா" என்றேன். மெஷின் தானாக ஓய்ந்து நிற்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.